கழிவும் கொடையும்

1

தனக்கு வேண்டாமல் போன ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது கொடையாகுமா என்ற கேள்வி பழசு. கடோபநிஷதம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. வாஜசிரவஸ் யாகம் செய்து தன் உடைமை அனைத்தையும் தானமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஓட்டிச் செல்லப்படும் மாடுகளைச் சிறுவன் நசிகேதன் பார்க்கிறான். எல்லாம் கிழடு, கறவை நின்றவை. இப்படிக் கொடுப்பவன் போய்ச் சேரும் உலகம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்ற யோசனை பையனுக்கு வந்துவிடுகிறது. தன்னை யாருக்குக் கொடுப்பதாக உத்தேசம் என்று தகப்பனை நச்சரிக்கிறான். எமனுக்கு என்று கோபத்தில் பதில் வருகிறது. அதன் பிறகு உபநிஷதம் மரணம், ஆத்மா என்று உயரே போய்விடுகிறது. மாடுகள் பின்தங்கிவிடுகின்றன. வாங்கிக்கொண்டவர்கள் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்ற விவரம் இல்லை. தானத்தைப் பற்றி நாம் யோசிக்கும்போதெல்லாம் இதுவே நடக்கிறது: கொடுப்பவனின் கதி பற்றி அக்கறை, வாங்குபவனின் தொழுவம் பற்றி மௌனம். இந்தக் கட்டுரை மாடுகளோடு பின்தங்க விரும்புகிறது.

மாடுகளுக்குப் பதில் காரை எடுத்துக்கொள்ளலாம். பழைய காரைத் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுப்பது அமெரிக்காவில் பரவலான வழக்கம். பொது வானொலி நிலையங்களிலிருந்து ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் அமைப்புகள்வரை பலரும் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இழுவை வண்டி வாசலுக்கு இலவசமாக வரும். உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை நீட்டிவிடலாம். கார் ஓடும் நிலையில் இருக்கவேண்டும் என்றுகூடப் பல இடங்களில் நிபந்தனை இல்லை.

இப்படிப் போகும் கார்களில் ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டும், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கன்வர்ட்டிபிள் என்பார்கள். குடும்பக் காரைக் கொடுக்கும்போது தேவை, உபயோகம் என்ற நியாயங்கள் குறுக்கிட்டுப் பிரச்னையைக் கலக்கிவிடுகின்றன. இதில் அந்தக் கலக்கம் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய பொருள், ஆசை தீர்ந்ததும் நின்றுவிட்ட பொருள்.

2

மாஸ்டா கம்பெனி 1989இல் மியாட்டா என்ற காரை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்திலிருந்து முன்பு வந்துகொண்டிருந்த எம்.ஜி., ட்ரையம்ஃப் முதலிய சிறு கார்களின் நினைவை, அவ்வளவாகப் பழுதாகாத இயந்திரத்தோடு ஜப்பானியர்கள் மறுபடி செய்து தந்தார்கள். 2016இல் பத்து லட்சமாவது வண்டி தயாராயிற்று. முதலில் வந்த வண்டிகளின் எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. கூரையைக் கையாலேயே மடக்கலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்வது என்ற காரியத்தைக் காரிலிருந்து கழற்றி எடுத்துவிட்டால் மிச்சம் என்னவோ அதுதான் இந்த வண்டி. போவதற்காகவே போவது.

ஆசை தேய்வதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. குழந்தை பிறக்கிறது, இரண்டு இருக்கைகளில் அதற்கு இடமில்லை. முதுகு வலி வருகிறது; தரையோடு தரையாக இருக்கும் இருக்கையிலிருந்து எழ முடியவில்லை. கூரை வெயிலில் வெடிக்கிறது. பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் பழுப்பேறிப் பார்வையை மறைக்கிறது. மழைத் தண்ணீர் வடியும் துளைகளில் சருகு அடைத்துக்கொள்ள, தண்ணீர் தரைவிரிப்புக்குள் இறங்கி நாற்றமெடுக்கிறது. காப்பீட்டுத் தொகை மட்டும் வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. வண்டி ஷெட்டில் நிற்கிறது.

அப்போது உரிமையாளன் தானே விற்கலாம், வியாபாரியிடம் தள்ளலாம், தர்மத்துக்குக் கொடுக்கலாம். தானே விற்றால்தான் விலை அதிகம். ஆனால் அதற்கு அந்நியர்கள் வந்து பார்க்கவேண்டும். தகரத்தை விரலால் தட்டுவார்கள். கிழிசலைச் சுட்டுவார்கள். அவன் இருபத்தைந்து வயதில் எதன்மீது உயிரை வைத்திருந்தானோ அதற்குக் கேட்ட விலையில் பாதியைச் சொல்வார்கள். அவன் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, விற்றுவிட்டேன் என்று சிநேகிதர்களிடம் சொன்னால் எவ்வளவுக்கு என்று அடுத்த கேள்வி வரும். தர்மத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அந்தக் கேள்வி வராது. கொடை என்ற சொல் இங்கே விலையை மறைக்கும் திரையாகவும் வேலை செய்கிறது.

திரைக்குப் பின்னால் நடப்பது இது. வண்டி பெரும்பாலும் ஸ்தாபனத்தின் வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. இடையிலிருக்கும் நிறுவனம் ஒன்று அதை எடுத்துச் செல்கிறது. மொத்த ஏலத்தில் விற்கிறது. இழுத்த செலவு, விளம்பரச் செலவு, தன் பங்கு எல்லாம் போக மிச்சத்தை அனுப்பிவைக்கிறது. தெருவில் நின்று விற்றிருந்தால் 3000 டாலருக்குப் போயிருக்கும் வண்டி ஏலத்தில் 1000 டாலருக்குப் போகிறது, தர்மத்துக்கு 600 சேருகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நடுவில் 2400 டாலர் போயிருக்கிறது. அது கூச்சத்தைத் தவிர்த்துக்கொள்ள உரிமையாளன் கட்டிய கட்டணம். கட்டியது தன் பையிலிருந்து என்று அவன் நினைக்கிறான். தர்மத்துக்குப் போகவேண்டிய பையிலிருந்துதான் கட்டியிருக்கிறான்.

3

1917இல் யுத்தச் செலவுக்காக அமெரிக்கா வருமான வரியை உயர்த்தியபோது, தர்மத்துக்குக் கொடுத்ததை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் உடன் வந்தது. மார்ஸெல் மாஸ் கொடையைப் பற்றிய தன் நீண்ட கட்டுரையை 1925இல் வெளியிட்டார். கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளால் பழைய சமூகங்கள் கட்டப்பட்டிருந்தன என்பது அவர் வாதம். அமெரிக்க ஏற்பாட்டில் மூன்றாவது கடமை இடம் மாறிவிட்டது. வாங்கியவன் திருப்பித் தர வேண்டியதில்லை. அவன் சார்பில் அரசாங்கம் வரியில் திருப்பித் தருகிறது. வாங்கியவன் தலைகுனிய வேண்டாம் என்பது இதில் நல்ல அம்சம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இனி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவே வேண்டாம் என்பது இன்னொரு அம்சம்.

பொருளாகக் கொடுத்தால் அதன் சந்தை மதிப்பைக் கழித்துக்கொள்ளலாம். கார் விஷயத்தில் அந்த மதிப்பைச் சொன்னவன் கொடுத்தவன்தான். 2000ஆம் வருஷக் கணக்குகளில் ஏறக்குறைய 7,33,000 பேர் இப்படிக் கழித்துக்கொண்டார்கள். அரசாங்கத்தின் வரியில் சுமார் 65.4 கோடி டாலர் குறைந்தது என்று அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2003இல் மதிப்பிட்டது. 54 வண்டிகளை அது பின்தொடர்ந்து பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், கொடுத்தவர் எழுதிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான் தர்மத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் ஊர்ப் பேச்சு. பிடித்துப் பார்த்தே தீரவேண்டும் என்று 2004இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், ஸ்தாபனம் அந்த வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதற்கு மேல் கேட்க முடியாது. விற்ற 30 நாட்களுக்குள் 1098-சி என்ற படிவத்தில் விலையை எழுதிக் கொடுத்தவனுக்கு அனுப்பவேண்டும்.

வரியில் நடக்கும் பொய்யைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம். ஆனால் தன்னையறியாமல் அது ஒரு தத்துவ நிலையையும் எடுத்துவிட்டது. கொடையின் அளவைக் கொடுப்பவன் சொல்ல முடியாது; வாங்கிக்கொண்டவன் கையில் அது என்னவாக மாறுகிறதோ அதுவே சொல்லும். செலவுகள் கழியுமுன் உள்ள விலையைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது என்பது கொடுப்பவனிடம் அது காட்டும் கடைசி இரக்கம்.

அவன் மனத்திலிருக்கும் விலைக்கும் ஏலத்தில் விழுந்த விலைக்கும் இடையிலிருக்கும் தொகை எதற்கானது? முதல் சம்பளத்துக்கு; கூரையைத் திறந்துகொண்டு கடலோரச் சாலையில் போன ஓர் இரவுக்கு; அன்று பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கு. இவற்றைத் தானம் செய்ய முடியாது. முடியாததற்கும் சேர்த்து ரசீது கேட்பவன் கொடுக்கவில்லை, கைமாற்றாகத் தந்திருக்கிறான். அளவு குறித்துக்கொண்டு தந்து, அதே அளவில் திரும்ப எதிர்பார்ப்பதற்கு வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் வாசலிலேயே ஒரு சொல் வைத்திருக்கிறார்: குறியெதிர்ப்பை. படிவங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே செய்யப்பட்ட சொல்.

சட்டத்தில் மூன்று விலக்குகள் உண்டு. வண்டியை விற்காமல் ஸ்தாபனம் தன் காரியத்துக்கே கணிசமாக உபயோகித்தால், கணிசமாகப் பழுதுபார்த்து அதன் மதிப்பை உயர்த்தினால், அல்லது ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தால், முழுச் சந்தை மதிப்பையும் கழித்துக்கொள்ளலாம். மேரிலாந்தில் 1999இல் தொடங்கிய வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்ற அமைப்பு, தானமாக வந்த கார்களைச் சீர்செய்து, கார் இல்லாமல் வேலைக்குப் போகச் சிரமப்படும் குடும்பங்களுக்குத் தருகிறது. அங்கே கார் காராகவே போய்ச் சேருகிறது. நமது ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த வாசல்கள் அநேகமாக அடைத்தவை. முதியவர்களுக்குச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கொண்டுபோக அதில் இடம் கிடையாது. இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடவேண்டிய தாய்க்கு இரண்டு இருக்கைகளை வைத்துக்கொண்டு ஆவதும் ஒன்றுமில்லை. பணமாகச் செத்தால்தான் அது யாருக்காவது பயன்படும்.

2018 முதல் விஷயம் இன்னும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 2017ஆம் வருஷத்துச் சட்டம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. தனித்தனியாகக் கணக்கெழுதிக் கழிப்பவர்கள் சுமார் பத்தில் ஒருவராகச் சுருங்கினார்கள். மற்றவர்களுக்குக் காரைக் கொடுப்பதால் வரியில் ஒரு காசும் குறைவதில்லை. இழுவை வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லி வந்த அவநம்பிக்கைக்காரர்களுக்கு இது தோல்வி. ஆனால் தர்ம சிந்தனைக்கு இது வெற்றி என்று உடனே எழுதிக்கொள்ளவும் முடியவில்லை. ஷெட் காலியாக வேண்டியிருக்கிறது. வரியில் குறைத்துக்கொள்வதற்கும் வியாபாரி தள்ளித் தருவதற்கும் குப்பைக்கும் தமிழில் கழிவு என்று ஒரே சொல்தான். பாஷைக்குச் சில சமயம் நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

4

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, வேண்டாததைக் கொடுப்பவன் கொடையாளியே இல்லை என்று முடித்துவிடலாம். அது சுலபம். அப்படி முடித்துவைக்க நம்மிடையே ஆட்களும் நிறைய. ஆனால் தூய்மைவாதம் கொடுப்பவனின் மனத்துக்குள்ளேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்கிறது. வெளியே நடந்தது அதன் கண்ணில் படுவதில்லை.

1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டுக்குப் போப் ஆறாம் பவுல் வந்தார். நகரில் அவர் வலம்வர, கூரை திறந்த வெள்ளை லிங்கன் கார் ஒன்று அமெரிக்கர்களின் அன்பளிப்பாக வந்திருந்தது. திரும்பும்போது அதை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் இழப்பு என்று சொல்ல எதுவுமில்லை. தான் விலை கொடுத்து வாங்காதது. சில நாட்களே உபயோகித்தது. எடுத்துக்கொண்டு திரும்புவதே தொல்லை. நசிகேதன் முகம் சுளித்திருப்பான். வாங்கிக்கொண்டவருக்கோ கல்கத்தாத் தெருக்களில் அந்தக் கப்பலை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. நேராக விற்றுவிடவும் இல்லை. பரிசுச் சீட்டு போட்டார். நேராக விற்றால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகப் பணம் சேர்ந்தது. ஆஸன்ஸோல் அருகே தொழுநோயாளர்களுக்காக எழுந்த சாந்தி நகருக்கு அது உதவிற்று.

சீட்டு வாங்கியவர்கள் யார்? கொடையாளிகள் என்று சொல்லக்கூடியவர்கள் சிலர் இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு, ஒரு சீட்டின் விலையில் போப் உட்கார்ந்த கார் கிடைத்தாலும் கிடைக்கும் என்ற ஆசை இருந்திருக்கும். புரவலன், இரவலன் என்று இருவரை மட்டும் வைத்துக்கொண்டே நாம் கொடையை யோசித்துப் பழகிவிட்டோம். இதில் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான்: அந்தப் பொருளின்மீது இன்னும் ஆசை தீராதவன். ஒருவனிடம் செத்த ஆசை இன்னொருவனிடம் உயிரோடிருந்தால்தான் கார் பணமாகும். யாருமே ஆசைப்படாத உலகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் எடைக்குப் போகும் இரும்பு. ஆசையை அறு என்று சொல்லி வந்த மரபுகளுக்கு இதை ஒப்புக்கொள்வது சங்கடமாக இருக்கலாம். தொழுநோயாளியின் தலைக்குமேல் கூரை போட்டதில் ஆசைக்குப் பங்கு உண்டு.

ஆனால் ஆசை தானாகக் கூரையாவதில்லை. யாராவது ஒருவர் உழைக்கவேண்டும். சீட்டை விற்று, பணத்தை வசூலித்து, கணக்கு வைத்து, செங்கல்லாக மாற்றவேண்டும். அந்த லிங்கன் காரைக் கொடையாக்கியது வாங்கிக்கொண்டவரின் உழைப்பு. கணிசமான உபயோகம், கணிசமான பழுதுபார்ப்பு என்று சட்டத்தின் விலக்குகள் வறண்ட பாஷையில் குறிப்பிடுவதும் இதே உழைப்பைத்தான். ஆகவே பழைய கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது. பொருள் பழசா புதுசா, கொடுத்தவனுக்கு வலித்ததா இல்லையா என்பவை இரண்டாம் பட்சம். ஒரு பொருளை இன்னொருவனின் வாழ்வுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யார் செய்தார்கள் என்பது முதல் கேள்வி. அந்த வேலையில் எவ்வளவு பங்கைக் கொடுப்பவன் ஏற்கிறானோ அவ்வளவுக்கு அவன் கொடையாளி.

இந்த அளவுகோலின்படி, ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, அந்நியர்கள் தகரத்தைத் தட்டுவதைப் பொறுத்துக்கொண்டு, வந்த விலைக்கு மியாட்டாவை விற்று, அந்தப் பணத்துக்குக் காசோலை எழுதுபவன் கொடுத்தவன். இழுவை வண்டிக்குத் தொலைபேசியில் சொன்னவன், வேலையைப் பிறர் தலையில் வைத்தவன். அவனுடைய நேரத்துக்கும் விலை உண்டே, அந்த நேரத்தில் வேறு சம்பாதித்துத் தரலாமே என்று பொருளாதாரம் படித்தவர் கேட்பார். தந்தால் சரிதான். தருகிறானா என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

5

வண்டியைத் தானம் செய்வது என்றதும் தமிழில் யோசிக்கிற எவன் முன்னும் பாரி வந்து நிற்பான். அமெரிக்கச் சட்டத்தின் முன் அவனை நிறுத்தினால் அவன் பாடு பரிதாபம்தான். முல்லைக்குத் தேவை ஒரு கொம்பு. தேரை யாரும் உபயோகிக்கவில்லை. ஏலத்துக்கும் அது போகவில்லை. மழையிலும் வெயிலிலும் நின்று உளுத்துப்போயிருக்கும். கொடி படிவத்தில் கையெழுத்துப் போடாது. கழிவு பூஜ்யம். நான் மேலே சொன்ன அளவுகோலும் அவனுக்குச் சாதகமாக இல்லை. இறங்கினான், போய்விட்டான்.

இதற்குப் பழந்தமிழில் கொடைமடம் என்று ஒரு சொல் இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றிப் பேசும்போது பரணர் அதை உபயோகிக்கிறார். மடமை என்று தெரிந்தே, அதைப் பெருமையாகச் சொல்லும் சொல். ஆனால் கொடைமடத்தைப் பாடியவர்கள் கொடையால் வாழ்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கணக்குப் பார்க்கிற புரவலனால் பாணனுக்கு என்ன லாபம்? கவிஞர்கள் ஒரு நற்குணத்தைப் புகழும்போது அதில் அவர்களுக்குள்ள பங்கையும் விசாரிப்பது விமர்சனத்தின் வேலை.

அந்தக் கொடைக்கு ரசீதை நீட்டவேண்டி வந்த சந்தர்ப்பமும் பதிவாகியிருக்கிறது. பாரி செத்த பிறகு அவன் பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் மக்கள் என்று சொல்லித்தான் இரண்டு இடத்திலும் அவர்களை அறிமுகம் செய்கிறார். புறநானூற்றில் அடுத்தடுத்து இருக்கும் 200, 201ஆம் பாட்டுகள் அவை. இருங்கோவேள் ஏற்கவில்லை என்பது 202ஆம் பாட்டின் கசப்பிலிருந்து தெரிகிறது. தமிழின் மிகப் புகழ்பெற்ற கொடை, கொடுத்தவனின் அநாதைப் பெண்களுக்கு ஒரு வீட்டுக் கதவைத் திறந்துவிடவில்லை. கபிலரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. அவர் கையில் வேறு சொத்து ஏது? கொடை ஒரு நாணயமாகச் செல்லாது என்பதை அந்த மூன்று பாட்டுகள் காட்டும் அளவுக்கு எந்த அறநூலும் எனக்குக் காட்டியதில்லை.

இருந்தும் பாரியிடம் ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கும் எட்டவில்லை, என் அளவுகோலுக்கும் எட்டவில்லை. அவன் கொடுத்தது ஏறி வந்துகொண்டிருந்த தேரை. ஷெட்டில் நின்று தூசி படிந்ததை அவன் கொடுக்கவில்லை. ஆசை தானாகத் தீரும்வரை காத்திருக்கவில்லை. அதற்குப் பயன் ஏதும் இல்லாமல் போயிருக்கலாம். மியாட்டாக்காரனின் கொடையில் பயன் இருக்கிறது, இது இல்லை. இரண்டும் ஒரே செய்கையில் சேர்வது அபூர்வம். அபூர்வம் என்பதனாலேயே ஒன்றை இன்னொன்று என்று பெயர் மாற்றிச் சொல்லும் சபலம் நமக்கு வருகிறது.

நசிகேதனின் கலகத்தையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். கிழட்டு மாடுகளையும் யாராவது வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், சாணமாவது போடும். அவற்றைக் கொடுத்துவிட்டு, உடைமை அனைத்தையும் கொடுத்தவன் என்று பெயர் வாங்குவதில்தான் பொய் இருக்கிறது. கூரை கிழிந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுவே பொருந்தும். முடிந்தவன் தானே விற்றுப் பணத்தைக் கொடுக்கட்டும். முடியாதவன் இழுவை வண்டியை வரச்சொல்லட்டும். அந்த 600 டாலரும் வானொலி நிலையத்தில் செல்லுபடியாகும். கொடுத்தவன் மனம் எப்படி இருந்தது என்று அங்கே யாரும் விசாரிக்கப்போவதில்லை. ஆனால் அதற்கு அவன் கழித்தேன் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளட்டும். கொடுத்தேன் என்ற சொல்லை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை விட்டு இறங்கவேண்டி வரும் நாளுக்காக மிச்சம் வைத்திருப்பது நல்லது.